கிள்ளை காவல் நிலையத்துக்கு ஒரு வழக்கறிஞர்

வி.ஆர். கிருஷ்ணய்யர் என்றதும் நம்மில் பலருக்கு டெல்லியும் கொச்சியும்தான் நினைவுக்கு வரும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை சட்டக் கல்லூரிக்குப் போகும் முன்பு நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது ஊரிலேயே பலருக்குத் தெரியாது. 2014 டிசம்பர் 4 அன்று, பிறந்தநாள் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், கொச்சியில் அவர் காலமானார். தலைச்சேரியில் வழக்கறிஞராக இருந்தபோது மலபார் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் சிறையில் அடைக்கப்பட்டார். 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றார். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். இத்தனை பதவிகளுக்குப் பிறகும் நாட்டு மக்கள் அவரைத் தங்களுக்காகப் பேசும் வக்கீலாகவும், நினைத்த நேரத்தில் கடிதம் எழுதக்கூடிய நண்பராகவுமே கருதினார்கள். அப்படிப்பட்டவருக்குப் படத்திறப்பும் நினைவுச் சொற்பொழிவும் போதாது. அவருக்குக் கடலூர் மாவட்டம் செய்ய வேண்டிய மரியாதை ஒன்று இருக்கிறது: இங்குள்ள ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும், பிடித்துவரப்பட்டவரை முதல் மணி நேரத்திலேயே நேரில் வந்து பார்க்கும் ஒரு பணிமுறை வழக்கறிஞர். அதைக் கிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

நண்பர் என்ற சொல்லை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியைத் தலைமை வார்டர் கொடூரமாகத் துன்புறுத்தியதைக் கிருஷ்ணய்யருக்கு ஒரு கடிதமாக எழுதினார். மனு இல்லை, முத்திரைக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. அந்தக் கடிதமே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1979 டிசம்பரில் சிறைக் கொடுமைகளுக்கு எதிரான தீர்ப்பாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி உறவில் ஒருவர் பிணை நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். ஏழைக்கு ஜாமீன் கொடுப்பதுபோல் கொடுத்து, அவரால் கட்ட முடியாத தொகையால் அதைப் பறிப்பது நீதி ஆகாது என்று கிருஷ்ணய்யர் அதை மாற்றினார். பட்டா இல்லாதவர், வீட்டு வரி ரசீது இல்லாதவர், பிணை நிற்க ஒரு சொந்தக்காரரையும் காட்ட முடியாதவர் எவருக்கும் அந்தத் தீர்ப்பு இன்றும் பேசுகிறது.

அப்படிப்பட்டவர்கள் யார் என்று அறிய நாம் போபால் வரை போக வேண்டியதில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரத்து அலையாத்திக் காடு இருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், கழுத்தளவு தண்ணீரில் இறால் பிடிக்கும் இருளர்களையும் பார்த்திருப்பார்கள். வலை கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவித் துழாவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். கிள்ளையை ஒட்டிய குடியிருப்புகளில் வாழும் இம்மக்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கவே நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. எந்த ஊரில் எது திருடுபோனாலும் இருளர், குறவர் குடியிருப்புப் பக்கம் ஜீப் திரும்புவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. அது பழக்கிவிட்டுப் போன சந்தேகம் ஒழியவில்லை.

இந்த மாவட்டத்தின் கணக்கே அதைச் சொல்லும். 1992இல், கிருஷ்ணய்யர் படித்த அதே பல்கலைக்கழகத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். அவருடைய மனைவி அந்த நிலையத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். மறு ஆண்டே கம்மாபுரம். நகைத் திருட்டுப் புகாரில் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைப் பிடித்துச் சென்ற போலீஸ், அவர் தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னது. உடலோ மாவட்ட எல்லைக்கு அப்பால், ஜெயங்கொண்டம் பக்கம், அடையாளம் தெரியாத பிணமாகக் கிடைத்திருந்தது. அவருடைய மனைவிக்காக அன்றைய வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் ஒவ்வொரு பொய்யாகக் கழன்றது. போலீசாருக்கு 14 ஆண்டு சிறை என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொல்லும்போது 13 ஆண்டுகள் கடந்திருந்தன. ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு இந்தக் கதை உலகுக்கே தெரியும். படத்தைப் பார்த்தவர்கள் வழக்கறிஞரின் திறமையை வியந்தார்கள், வியக்க வேண்டியதுதான். ஆனால், அந்த வழக்கறிஞர் வழக்குக்குள் வந்தபோது ராஜாக்கண்ணு உயிரோடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு நல்ல வக்கீல் கிடைத்தாலும் கம்மாபுரத்தில் அந்த இரவில் ஒருவரும் இல்லாததை ஈடுகட்ட முடியாது.

இந்த இடத்தில்தான் கிருஷ்ணய்யரின் 1978ஆம் ஆண்டு நந்தினி சத்பதி தீர்ப்பு வருகிறது. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சரைக் கட்டாக்கில் காவல் நிலையத்துக்கு அழைத்து, எழுத்தில் கேள்விகளைக் கொடுத்து, பதில் சொல்லச் சொன்னார்கள். அவர் மறுத்தார்; வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. தன்னைத் தானே குற்றவாளியாக்கிக் கொள்ளும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்ற உரிமை நீதிமன்றக் கூண்டில் தொடங்குவதல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்குகிறது என்றார் கிருஷ்ணய்யர். விசாரிக்கப்படுபவர் விரும்பினால் வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னார். நாடு முழுவதும் காவல் நிலைய வாசலில் சட்டத்தை நிறுத்திய தீர்ப்பு அது. ஆனால் ‘விரும்பினால்’ என்ற அந்த ஒரு சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்னாள் முதலமைச்சருக்கு விருப்பமும் இருக்கும், வக்கீலும் இருப்பார். சேற்றைத் துழாவிக்கொண்டிருந்த கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றப்பட்டவர் எந்த வக்கீலை விரும்புவார்? பெயர் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

நம் கோரிக்கைக்கு எதிரான மிக வலுவான வாதம் கிருஷ்ணய்யரிடமிருந்தே வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. போலீசாரே வக்கீலை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தாம் விதிக்கவில்லை என்று அதே தீர்ப்பில் அவர் தெளிவாகச் சொன்னார். அப்படி விதித்தால் ‘போலீஸ் ஸ்டேஷன் வக்கீல்’ என்ற ஓர் இனம் உருவாகும், அது வேறு கேடுகளைக் கொண்டுவரும் என்பது அவருடைய அச்சம். வீணான அச்சமல்ல அது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, எழுத்தரோடு பேசிவைத்துக்கொண்டு, பிடிபட்டவரின் வீட்டாரிடம் தாலியை அடகு வைக்கச் சொல்லும் தரகர்களை நீதிமன்றங்களை அறிந்த எவரும் அறிவார்கள். ஆனால் அவர் அஞ்சியது போலீஸ் தேர்ந்தெடுக்கும் வக்கீலை. நாம் கேட்பது நீதிபதியின் தலைமையில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தேர்ந்தெடுத்து, முறைவைத்து அனுப்பி, அதுவே ஊதியம் கொடுக்கும் வக்கீலை. 1978இல் இப்படி ஓர் அமைப்பு அவர் கையில் இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல்தான் வந்தது. 1995 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வித்திட்டதே இலவசச் சட்ட உதவி பற்றி 1973இல் அவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கைதான். தாம் நட்ட மரம் காய்க்கும் முன்பு அவர் எழுதிய ஒரு தயக்கத்தை, மரம் வளர்ந்த பிறகும் நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருவரிடம் உண்மையான மதிப்பு இருந்தால் அவரோடு உடன்படாத இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1975 ஜூனில் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் அவர் கொடுத்த நிபந்தனையுடன் கூடிய தடை உத்தரவைப் பற்றி இன்றும் மாறுபட்ட கருத்துகள் இருக்கின்றன. அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை.

சட்ட உதவிதான் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்போர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் இருக்கிறது. கைதுக்கு முன்பும் கைதின்போதும் காவல் நிலையத்திலேயே உதவ வேண்டும் என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2019இல் ஒரு வழிமுறையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் தொடங்கி வைக்க வேண்டியவர், செல்போன் பிடுங்கப்பட்டு உள்ளே உட்கார வைக்கப்பட்டிருப்பவர். அவரால் 15100ஐ எப்படி அழைக்க முடியும்? ரிமாண்டின்போது நீதிமன்றத்தில் சட்ட உதவி வக்கீல் நிற்கிறார் என்றால், அதற்குள் முதல் இரவு முடிந்துவிடுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ரிமாண்டு செய்யப்பட்டார்கள். சட்டப்படியான சடங்குகளெல்லாம் நடந்தன. சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அதனால்தான் நாம் கேட்பது, பிடித்தவரை நிலையத்துக்குள் கொண்டுவந்ததும் பொறுப்பு அதிகாரி அன்றைய வக்கீலுக்குத் தகவல் சொல்லி, சொன்ன நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது. பிடிபட்டவர் கேட்கிறாரா இல்லையா என்பது கேள்வியாகவே இருக்கக் கூடாது.

வக்கீல் வந்தால் துப்பு துலக்க முடியாது என்று காவல் துறையில் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1986 முதல், காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்படும் எவரும், பணக்காரரோ ஏழையோ, இரவோ பகலோ, இலவசமாக வக்கீலின் ஆலோசனையைப் பெறலாம். அங்கே திருடர்களைப் பிடிப்பது நின்றுவிடவில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது என்பது எந்த ஆய்வாளருக்கும் தெரியும். வக்கீல் வந்துபோன பதிவு, நேர்மையாக விசாரிக்கும் அதிகாரிக்குப் பொய்ப் புகார்களிலிருந்து பாதுகாப்பும்கூட.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரைப் போலீசார் அடித்தது நிலையத்துக்குள் அல்ல, வெளியே. நிலையத்தில் வக்கீல் இருந்தால் வேறிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள்தானே என்றால், ஆம், போகக்கூடும். உச்ச நீதிமன்றம் 2020இல் கட்டாயமாக்கிய கண்காணிப்பு கேமராவுக்கும் இதே குறை உண்டு. வக்கீல் இதை முழுதாகத் தடுத்துவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேமராவுக்கு இல்லாத ஒன்று வக்கீலுக்கு உண்டு. குடும்பத்தார் போய்ச் சொல்ல ஒரு முகவரி அவர். ‘என் வீட்டுக்காரரை ஏழு மணிக்குக் கூட்டிப்போனார்கள், ஸ்டேஷனில் இல்லை என்கிறார்கள்’ என்று ஒரு பெண் அழுதுகொண்டே வந்தால், அந்த ஏழு மணியை அன்று இரவே எழுத்தில் பதிந்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். ராஜாக்கண்ணுவின் மனைவிக்கு அப்படி ஒருவர் கிடைக்க எத்தனை வாசல் ஏற வேண்டியிருந்தது என்பதை நாடறியும்.

பணமும் ஆளும் எங்கே என்பது கடைசியாகச் சொல்லப்படும் தடை. அது அவ்வளவு பெரியதல்ல. மாதத்துக்கு ஒரு நாள் என்று முப்பது பேர் முன்வந்தால் சிதம்பரம் வட்டத்துக்கு ஒரு மாத முறை நிறைந்துவிடும். அவர்களுக்கு ஒரு நாளுக்கு நியாயமான ஊதியமும், இரவில் கிள்ளைக்கும் புதுச்சத்திரத்துக்கும் போய்வர ஒரு வண்டியும் வேண்டும். தியாகம் செய்யச் சொல்லி இளம் வக்கீல்களை அனுப்பக் கூடாது. சும்மா வரச் சொன்னால் மூன்றாம் மாதம் டீக்கடைத் தரகர்தான் மிஞ்சுவார். முறைப்பட்டியலை வழக்கறிஞர் சங்கமும் ஆணைக்குழுவும் சேர்ந்து போட வேண்டும். காவல் துறைக்கு அதில் கை இருக்கக் கூடாது. இருளர் குடியிருப்புகளில் அந்தப் பட்டியலை ஒட்டினால் போதாது, எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு ஆள் போய் வாய்ச்சொல்லாகச் சொல்ல வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவருக்காக ஏதாவது செய்ய விரும்பினால், அந்த வண்டிக்கும் எரிபொருளுக்கும் பொறுப்பேற்கட்டும். வருகிற டிசம்பர் 4ஆம் தேதி மாலைக்குள் கிள்ளை காவல் நிலையத்துப் பலகையில், அன்றிரவு வரப்போகும் வக்கீலின் பெயரும் கைபேசி எண்ணும் சாக்பீசால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.