யார் எழுதக் கூடாது என்கிறீர்கள்?

சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: எழுத்து ஒரு சிலருக்குத்தான் கைவரும், அவர்கள் எழுதட்டும். மற்றவர்களுக்கு வேண்டிய கடிதம், விண்ணப்பம் எல்லாவற்றையும் இனி கணினியே எழுதித் தந்துவிடும். ஆகவே பள்ளியில் கட்டுரைப் பயிற்சிக்கு ஒதுக்கும் பாடவேளையை உருப்படியான வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம். படித்ததும் கோபம் வந்தது. தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். அந்தக் கோபத்தை மறைக்கப்போவதில்லை.

ஒருவருக்காக இன்னொருவர் எழுதித் தருவது இன்று வந்த புதுமையா? திங்கட்கிழமை காலையில் ஏதாவதொரு ஆட்சியர் அலுவலக வாசலில் போய் நின்று பாருங்கள். குறைதீர் கூட்டத்துக்கு வந்த சனம் மனு எழுதுபவரைச் சுற்றிக் குத்தவைத்திருக்கும். நான் பார்த்த ஓர் அம்மா, ஊர்ப் பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்ததையும், பிரசவ வலியோடு துடித்த மகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பு வழியே சுற்றி வந்ததையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே மனு முடிந்துவிட்டது. மேற்படி சர்வே எண்ணில் உள்ள பாதை ஆக்கிரமிப்பை அகற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று வாசித்துக் காட்டினார் எழுதியவர்.

"என் மக சேதி எங்கய்யா?"

"அதெல்லாம் மனுவுல வராதும்மா. கைநாட்டு வைங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனு என்றால் இப்படித்தான் என்று பழகிப்போனவர். ஆனால் அந்த அம்மா எதற்காக விடியற்காலை பஸ் ஏறி வந்தாரோ, அது அந்தத் தாளில் இல்லை. கட்டுரையாளர் சிபாரிசு செய்யும் கணினியும் இதே வேலையை இன்னும் பிழையில்லாத தமிழில் செய்யும். இதை விடுதலை என்று எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது?

எழுத்து எழுத்தாளருக்கே என்பதும் வரலாற்றைத் திரும்பிப் பார்க்காத பேச்சு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை எழுத்தாளரா? வியாபாரி, பிரெஞ்சு கவர்னர் டூப்ளெக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் தொடங்கி, கண்மூடிய 1761 வரை, கப்பல் வந்த சேதி, சரக்கு விலை, கவர்னர் மாளிகை வம்பு என்று அன்றாடம் பேசிய தமிழிலேயே எழுதிவைத்தார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை, அதைக் கண்டு கலங்கிய ஒரு தமிழரின் வாயால் இன்று நாம் கேட்க முடிகிறதென்றால் அந்த நாட்குறிப்பால்தான். 1992இல் 'கருக்கு' வந்தபோது பாமாவும் பெயரெடுத்த எழுத்தாளர் இல்லை. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஓர் ஆசிரியை, தன் ஊர்ப் பேச்சில் தன் வாழ்க்கையை எழுதினார். எழுத்து கைவந்தவர்கள் மட்டும் எழுதலாம் என்ற விதி அமலில் இருந்திருந்தால் இந்த இரண்டுமே நமக்குக் கிடைத்திராது.

பன்னிரண்டு வருடம் கட்டுரை எழுதிய பிள்ளைக்கு நாலு வரி சொந்தமாக எழுத வரவில்லையே, பயிற்சியால் என்ன பயன் என்று கேட்கிறார் கட்டுரையாளர். வரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை பன்னிரண்டு வருடத்தில் எங்கே எழுதியது? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கையேட்டிலிருப்பதை உருப்போட்டு இறக்கிவைத்தது. நீச்சல் பாடத்தை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, தண்ணீரில் இறக்காமலே, நீந்தப் பழகுவது வீண் என்கிறார் இவர்.

என் வகுப்பில் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதச் சொன்னேன். வழக்கமான தலைப்புத்தான். கையேட்டை மூடிவைத்துவிட்டு, அவரவர் வீட்டில் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட திட்டம் அது. பெரும்பாலான வீடுகளில் ஏதோ ஒரு குழாய் இறங்கும். மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, என்று எழுதிய ஒரு பெண் அங்கேயே நின்றுவிட்டாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "டீச்சர், எங்க வீட்டுக் குழாய் தொட்டிக்குப் போகலையே, ரோட்டுக்குல்ல போகுது?" என்றாள். பிறந்ததிலிருந்து பார்த்த குழாய். இதே தலைப்பில் முந்தின வருடம் நல்ல மதிப்பெண் வாங்கியவள். வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறியபோதுதான் விஷயம் அவளுக்குப் புலப்பட்டது. மறுநாள் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே விட்டுப்போன இடத்தைப் படம் போட்டுக்கொண்டு வந்தாள்.

கணினியிடம் கேட்டிருந்தால் அப்பழுக்கில்லாத கட்டுரை கிடைத்திருக்கும். தண்ணீர் ரோட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எழுதப் பழக்க அம்மா அப்பா இருக்கிறார்கள், டியூஷன் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பாடவேளைதான் இருக்கிறது. அதில் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. எதையாவது எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிள்ளைகளின் பைக்குள் இருக்கும் கையேடுகளை எடுங்கள்.