ஒரு வீடு, ஒரு போன், மூன்று வகுப்பு

ஆன்லைன் கல்வி எந்த வயதுப் பிள்ளையை எப்படிப் பாதித்தது என்று இன்னும் கருத்தரங்கம் போடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது, பெரிய பிள்ளை தானாகப் படித்துக்கொள்ளும் என்று பேசிக் கலைகிறார்கள். 2020 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே கணக்குதான்: எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வு, அதற்கு மேல் நான்கு. ஆளுக்கொரு போன் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

சிவகிரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பா வயலிலிருந்தோ எலுமிச்சைத் தோட்டத்திலிருந்தோ திரும்பிய பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். முதலில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனுக்கு. டேட்டா மிஞ்சினால் எட்டாம் வகுப்பு அக்காவுக்கு. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்பாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பீர்கள். குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்க டிவிக்குக் கை ஏது?

அந்தக் குழந்தை 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததாகப் பதிவேடு சொல்லும். வகுப்பறைக்குள் அது காலெடுத்து வைத்தது 2021 நவம்பர் 1க்குப் பிறகு, இரண்டாம் வகுப்பு மாணவியாக. 2025-26இல் அவள் ஆறாம் வகுப்பு. மாலையில் நான் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளில் இந்த வயதுக்காரர்களை, வாசிக்கச் சொன்னாலே தெரிந்துவிடும்.

இது ஏழ்மைப் பிரச்சினை, சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜீன் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வறிய குடியிருப்புகளில் ஆய்வு செய்தார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்த தலித், பழங்குடிப் பிள்ளைகள் நூற்றுக்கு 4 பேர். மற்றவர்களில் 15 பேர். இரண்டு பக்கமும் ஏழைகள்தான் தோழர்களே.

எழுத்தும் கணக்கும் போனது பாதி இழப்பு. ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் தோளுரச உட்காரும் இடம் எங்கள் பக்கம் அரசுப் பள்ளியின் பெஞ்சும் சத்துணவு வரிசையும்தான். ஐந்து, ஆறு வயதில் பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு என்று குழந்தை கேட்காது. கேட்கப் பழகுவதற்குள் ஒன்றாக இருந்து பழகவேண்டிய அந்த வயதில், அவரவர் தெருவுக்குள் அடைத்துவிட்டு அதற்கு வகுப்பு என்று பெயர் வைத்தோம். அதே நாட்களில், ஏற்கெனவே கையில் சாதிக்கயிறு கட்டித் திரிந்த பதினைந்து வயதுப் பையனுக்குப் படிப்பின் பெயரால் போன் வந்தது. ஆசிரியர் அனுப்பிய பாடம் நெட்வொர்க் இல்லாமல் சுற்றிக்கொண்டே நின்றது. சாதிப் பெருமை ரீல்ஸ் மட்டும் எப்படியோ தடங்கலின்றி வந்து சேர்ந்தது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த வீடியோவும் வாட்ஸ்அப்பில்தானே சுற்றியது?

இப்போது ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப் என்கிறார்கள். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு எங்கள் தெருப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து எடுத்த வகுப்புதான் இந்தப் பிள்ளைகளை எழுத்துக்கூட்ட வைத்தது. அந்த வேலையை நிரந்தரச் சம்பளத்தோடு, பள்ளிக்குள், எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் செய்ய ஆசிரியர் வேண்டும். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்க வருகிறது என்று அரசு கணக்கெடுக்கட்டும். சாதிவாரியாக எடுத்து, ஒன்றியம் ஒன்றியமாக வெளியிடட்டும்.