கல்லூரிக் குப்பையை யார் அள்ளுவது?

கொஞ்ச காலமாய் நம் நாட்டுக் கல்லூரிகளில் "பசுமை வளாகம்" என்பதாக ஒரு பேச்சு பலமாய் அடிபட்டு வருகின்றது. ஜூன் 5-ந் தேதி வந்துவிட்டால் போதும். 1973 முதல் உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று கொண்டாடப்பட்டு வரும் அந்த நாளில், ஒரு மந்திரியையோ கலெக்டரையோ அழைத்து வந்து, வாசலில் இருபதடிக்கு ஃபிளக்ஸ் கட்டி, பொன்னாடை போர்த்தி, பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் கொடுத்து, ஒரு மரக்கன்றை நட வைத்து, படம் பிடித்து அனுப்பிவிடுகின்றார்கள். மறுநாள் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த ஃபிளக்ஸ் எங்கே போயிற்று என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. ஃபிளக்ஸ் என்பதோ பி.வி.சி. பூசிய துணி. மண்ணில் போட்டால் மக்காது; நெருப்பில் போட்டால் அமிலப் புகையையும் டையாக்சின் என்கின்ற விஷத்தையும் கக்கும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிற நாளிலே சுற்றுச்சூழலுக்குச் செய்கின்ற முதல் உபகாரம் இதுதான்!

காலேஜ் பிள்ளைகளின் குப்பையைப் பற்றி நமக்கென்ன, நாம் அங்கே படிக்கவா போகின்றோம் என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். படிக்கப் போவதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அங்கேயிருந்து புறப்படும் குப்பை எங்கே போகின்றது என்று ஒருவராவது யோசித்ததுண்டா? அது மாயமாய் மறைந்துவிடுவதில்லை. ஊர்க் கோடிக்குப் போகின்றது. ஊர்க் கோடியில் யார் குடியிருக்கின்றார்கள் என்பதை நாம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. சென்னைப் பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் பற்றி எரிந்தது. அந்தப் புகையைக் குடித்தவர்கள் கிடங்கைச் சுற்றியிருக்கும் ஜனங்களே தவிர, குப்பையைப் போட்டவர்கள் அல்ல. ஆகவே இது நம் காரியம் இல்லையென்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

முதலில் சாப்பாட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் பிள்ளைகள் தங்கியிருக்கின்ற ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேளைக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பிடி, அதாவது 50 கிராம், தட்டில் மிச்சம் வைக்கின்றான் என்று வைத்துக்கொள்ளுவோம். மூன்று வேளைக்கு 150 கிராம். ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ. விடுமுறையெல்லாம் போக வருஷத்தில் 200 நாள் விடுதி நடந்தால் 30,000 கிலோ, அதாவது 30 டன். இது ஒரே விடுதியின் கணக்கு. அதுவும் தட்டில் மிஞ்சினது மாத்திரம். அண்டாவில் மிஞ்சுவதையும் சமையற்கட்டில் கழிவதையும் நாம் சேர்க்கவேயில்லை. ஒரு கிலோ அரிசி விளைவதற்குச் சராசரியாய் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நெல் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீருக்காக ராத்திரி முழுவதும் கண் விழிக்கின்ற குடியானவன், தன் மகன் படிக்கின்ற விடுதியின் எச்சில் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தானேயானால், மகனைக் கேட்பதற்கு அவனுக்கு நிறையக் கேள்விகள் கிடைக்கும். உலகக் கணக்கும் இப்படித்தான் இருக்கின்றது. 2022-ம் வருஷத்தில் மாத்திரம் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், ஜனங்கள் கைக்கு வந்த உணவில் இது 100-க்கு 19 பங்கு என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் கணக்கு வெளியிட்டது.

உடனே "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பசி தெரியாது, கொழுப்பு" என்று பெரியவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அது பாதி நியாயங்கூட ஆகாது. மாதாமாதம் மெஸ் பணத்தை மொத்தமாய் வாங்கிக்கொண்டு, இன்று எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்காமலே அண்டாவை ஏற்றுகிறது யார்? வேகாத சோற்றையும் புளித்த சாம்பாரையும் ஒரே கரண்டி அளவில், வேண்டும் என்பவனுக்கும் வேண்டாம் என்பவனுக்கும் ஒன்றுபோலக் கொட்டுகிறது யார்? நிர்வாகத்தார் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இப்படிச் சமைக்கச் சொல்லுவார்களா? முதல் நாள் இரவே தலைக்கணக்கு எடுத்தால், முதல் தடவை கொஞ்சமாய்ப் போட்டு மறுபடி கேட்கிறவனுக்கு முகம் சுளிக்காமல் போட்டால், அன்றன்று மிஞ்சினதை எடை போட்டு வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால், பாதித் தொல்லை தானாய்க் குறையும். சில விடுதிகளில் இந்த எடைப்பலகை வழக்கம் இருக்கவும் இருக்கின்றது. இதற்கு எந்த மேல்நாட்டு நிபுணரும் வேண்டியதில்லை. ஒரு தராசும் சாக்குக்கட்டியும் போதும்.

நிற்க, இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கின்றது. அதைச் சொல்லுவதற்காகத்தான் இந்த வியாசத்தையே எழுதப் புகுந்தோம்.

கல்லூரிகளில் இப்பொழுது மூலைக்கு மூலை பச்சை, நீலம், சிவப்பு என்று தொட்டிகள் வைத்திருக்கின்றார்கள். மக்கும் குப்பை ஒன்றில், மக்காத குப்பை ஒன்றில், மருந்து, பல்பு, பேட்டரி முதலிய ஆபத்தான குப்பை ஒன்றில் என்று பிரித்துப் போட வேண்டுமென்பது ஏற்பாடு. 2016-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு விதிகளிலேயே இப்படிப் பிரித்துப் போட வேண்டியது குப்பையை உண்டாக்குகிறவன் கடமை என்று சொல்லப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் கல்லூரிகளும் விடுதிகளும் "பெருமளவில் கழிவு உண்டாக்குவோர்" என்கின்ற வகுப்பில் சேர்க்கப்பட்டன. மேலே நாம் போட்ட கணக்குப்படி எச்சில் சோறு ஒன்றினாலேயே ஒரு விடுதி அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துவிடும். சட்டம் சரிதான். நடப்பது என்ன? பச்சைத் தொட்டியைத் திறந்தால் அதில் புட்டியும், சிப்ஸ் உறையும், பாதி தின்ற பரோட்டாவும் கட்டிப்புரண்டுகொண்டு கிடக்கின்றன. கூட்டங்களுக்காகப் போகின்ற ஊர்களில், பெரிய படிப்பெல்லாம் சொல்லிக் கொடுக்கின்ற கல்லூரிகளின் முன்வாசலை நமக்குக் காட்டினார்கள்; நாமாகப் பின்வாசலுக்கும் போய்ப் பார்த்தோம். அங்கே நாலைந்து பெண்கள், கையுறை இல்லாமல், அந்த மூன்று தொட்டியையும் ஒரே இடத்தில் கொட்டி, வெறுங்கையால் கிளறிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தொட்டிக்கும் செலவழித்த பணத்தில் நாலு ஜோடிக் கையுறை வாங்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளைக் கேட்டால், "எச்சிலில் கை வைக்கவா காசு கட்டிப் படிக்க வந்தோம்?" என்கின்றார்கள். இங்கேதான் சங்கதி வெளியாகின்றது. தான் தின்ற எச்சில். தன் வாயிலிருந்து வந்த எச்சில். அதைத் தான் தொட்டால் அவமானம். முன்பின் தெரியாத ஒருத்தி தொட்டால் அது அவளுடைய உத்தியோகம்! இந்தத் தத்துவத்தை எந்தப் பாடப் புஸ்தகத்தில் படித்தார்கள்? வீட்டில் தாயும் தமக்கையும் இலை எடுத்தார்கள். தெருவை ஒரு ஜாதியார் கூட்டினார்கள். அந்தப் பழக்கம் பெட்டி படுக்கையோடு விடுதிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மனுவின் பெயரைக் கேட்டால் சீறுகின்ற மாணவத் தோழன்கூட, தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போகின்றபொழுது மனுவுக்குத்தான் வேலை செய்கின்றான். மலத்தைக் கையால் அள்ள ஆள் வைப்பதை 1993-லும், மறுபடியும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. தோட்டி என்ற பெயரைத் துப்புரவுத் தொழிலாளி என்றார்கள். பிறகு தூய்மைப் பணியாளர் என்றார்கள். பெயர் மாறியதே தவிர, தெருவும் சேரியும் மாறவில்லை. குப்பையைக் கலந்து போடுவது சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பிரிப்பதற்கு வேறொருவர் எப்பொழுதும் இருப்பார் என்கின்ற தைரியந்தான் அது. அந்தத் தைரியத்தைக் கொடுப்பது ஜாதி.

பெண்கள் விடுதியில் இன்னொரு கொடுமை. மாதவிலக்குத் துணிகளை என்ன செய்வது என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, தீட்டாம், வெட்கமாம். அதனால் காகிதத்தில் ஏனோதானோவென்று சுற்றி, சாப்பாட்டுக் குப்பைக்கு உள்ளே ஒளித்து வைத்துவிடுகின்றார்கள். ஒளித்தவள் கண்ணுக்கு அது மறைந்துவிட்டது. பிரிக்கிறவள் கைக்கு மறையவில்லை. அதை உறையில் பத்திரமாய்ச் சுற்றி மக்காத குப்பைத் தொட்டியில் போட வேண்டுமென்று 2016-ம் வருஷத்து விதியே சொல்லிற்று. வார்டனம்மாள்கள் வருஷ ஆரம்பத்தில் பெண்களை உட்கார வைத்து, தீட்டு என்பது புளுகு, இரத்தம் இரத்தந்தான், அதை இப்படிச் சுற்றி இந்தத் தொட்டியில் போடு என்று பத்து நிமிஷம் பேசினால் என்ன கெட்டுப்போகும்? கோலப் போட்டிக்கு ஒரு நாள் ஒதுக்க முடிகின்றதே!

பிரித்த பிறகு என்ன செய்வது என்பது பெரிய வித்தையல்ல. பொழுது விடிந்தால் வளாகத்தில் வேப்பிலையையும், புங்கம் சருகையும், தூங்குமூஞ்சி மரத்து இலையையும் கூட்டிக் குவித்துத் தீ வைக்கின்றார்கள். அதே வளாகத்தில் சமையற்கட்டுக் கழிவை லாரியில் ஏற்றி வெளியே அனுப்புகின்றார்கள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகைக் கலந்து, காற்றுப் புகும்படி அடுக்கி, வாரத்துக்கொரு தரம் கிளறிவிட்டால், குவியல் தானே 55 டிகிரிக்கு மேல் சூடேறி, இரண்டு மூன்று மாதத்தில் எருவாகின்றது. காற்று இல்லாமல் கிடங்கிலே அமுக்கி வைத்தால்தான் நாறி மீத்தேன் என்கின்ற வாயு கிளம்புகிறது. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு அது பூமியைச் சூடாக்கும். அந்த வாயுவையே தொட்டியில் பிடித்து மெஸ் அடுப்பில் எரிக்கவும் செய்யலாம். சமைத்த சோற்றுக்கு அதுவே மேல். இதையெல்லாம் நம் கிராமத்துக் குடியானவன் எருக்குழியில் பாட்டன் காலத்திலிருந்து செய்து வருகின்றான். ரசாயனத்தில் பட்டம் கொடுக்கின்ற கல்லூரிக்கு அது தெரியவில்லையென்றால், அந்தப் பட்டத்தின் யோக்கியதை என்ன?

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்கள் தடுக்கப்பட்டன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அதில் சேர்த்தி. ஆனாலும் கல்லூரிக் கேன்டீனில் டீ எதில் வருகின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மான்கள் திரிகின்ற சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்துப்போன புள்ளிமான்களின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருந்தது பத்திரிகைகளில் வந்தது. நாட்டிலே பெரிய மூளைகள் கூடியிருக்கின்ற இடத்தில் மானுக்கு நேர்ந்த கதி இது.

ஆயுத பூஜை என்று சொல்லிப் பரிசோதனைச் சாலை வாசலில் உடைத்துப் போடுகின்ற பூசணிக்காய்களை எந்தத் தொட்டியில் சேர்ப்பது என்பதை விஞ்ஞான ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டு என்கின்ற இன்னொரு பூஜையும் இருக்கின்றது. போன வருஷத்துப் பையன் எழுதினதை இந்த வருஷத்துப் பையன் வரி பிசகாமல் பார்த்தெழுதி, அதுவும் தாளின் ஒரு பக்கத்தில் மாத்திரம் எழுதி, கையெழுத்து வாங்கினவுடன் பழைய பேப்பர் கடைக்கு அனுப்புகின்றான். தாளும் வீண், பையனுடைய பொழுதும் வீண். ஆள் இல்லாத வகுப்பில் ஆறு விசிறி நாலு மணி நேரம் சுற்றினால், விசிறிக்கு 75 வாட் வீதம் ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் போகின்றது. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகின்ற குழாயில் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் போகின்றது.

"ஆலைக்காரன் ஆற்றையே கெடுக்கின்றான், அவனை விட்டுவிட்டுப் பையன் வைக்கின்ற ஒரு பிடி சோற்றைப் பிடித்துக்கொண்டீர்களே" என்று ஒரு கட்சி உண்டு. ஆலைக்காரனை விட வேண்டுமென்று யார் சொன்னார்கள்? அவனைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் நாளைக்கு அந்த ஆலைக்கு மானேஜராகவும், இஞ்சினீயராகவும், அதைத் தணிக்கை செய்கின்ற அதிகாரியாகவும் போகிறவன் இந்தப் பையனல்லாமல் வேறு யார்? தன் தட்டுக் கழிவுக்குப் பொறுப்பேற்காமல் நாலு வருஷம் பழகினவன், ஆலைக் கழிவுக்குப் பொறுப்பேற்பான் என்று எதை வைத்து நம்புவது?

இந்த வருஷம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகின்ற தோழர்கள் கட்டடத்தின் உயரத்தையும் வாசல் வளைவையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டாம். விடுதியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கையுறையும் காலணியும் இருக்கின்றனவா, கூலி கான்ட்ராக்ட்காரர் பிடித்தம் போக எவ்வளவு கைக்கு வருகின்றது, சாப்பிட்டவன் தட்டைச் சாப்பிட்டவனே வழித்துக் கழுவுகின்றானா என்று கேளுங்கள். பணம் கட்டுகிறவர் நீங்கள். கேட்பதற்கு உங்களுக்குப் பாத்தியதை உண்டு. பையனுக்குப் பெட்டியில் ஒரு எவர்சில்வர் தட்டும், ஒரு தம்ளரும், தண்ணீர் கொண்டுபோக ஒரு புட்டியும் வைத்து அனுப்புங்கள். ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய ஒரு வாரம் வீட்டில் அவன் தின்ற தட்டை அவனே கழுவட்டும். தாயார் எழுந்து வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.