பச்சை என்றால் எந்தப் பச்சை?

மிக்-21 ஓய்வுபெற்றுவிட்டது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் வழியனுப்பு விழா நடந்தது. 1963-இல் அதே சண்டிகரில்தான் 28-ஆம் ஸ்குவாட்ரன் அந்த விமானத்துக்காகத் தொடங்கப்பட்டது. இனி அவற்றில் சில கல்லூரி வாசலுக்கும் பூங்காவுக்கும் சாலைச் சந்திப்புப் பீடத்துக்கும் வந்து சேரும். வந்ததும் முதல் காரியமாக யாராவது ஒரு பெயின்டரைக் கூப்பிடுவார்கள். என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் நிறம் பார்த்துப் பிழைத்தவன். காலண்டரில் முருகனுடைய மயிலின் நீலம் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்தால்கூட ஆர்டர் கொடுத்தவர் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் போர் விமான மாடல் செய்கிறேன். 1/72 அளவில் மிக்-21 ஒரு சாண்தான் வரும். ஒட்டி முடிக்க ஒரு வாரம் போதும். அதற்கு என்ன நிறம் அடிப்பது என்று தேடத்தான் மாதக்கணக்காகிறது. பொம்மைக்குப் பெயின்ட் அடிக்க இத்தனை புத்தகமா என்று வீட்டில் கேட்பது நியாயம்தான்.

சில விமானங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1957-இல் பிரிட்டனிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய ஹன்டர்கள் அங்கேயே பெயின்ட் அடித்து வந்தவை. மேல்பக்கம் கரும்பச்சையும் கடல்சாம்பலும். பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் தரப்பட்டியலில் முன்னது 641, பின்னது 638. முடிந்தது விஷயம். அமெரிக்கர்களின் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 இன்னும் அழகு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்க எண். முதல் இலக்கம் மினுமினுப்பைச் சொல்லும்: 1 பளபளப்பு, 2 அரை மினுக்கம், 3 மங்கல். இரண்டாவது நிறத்தின் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். 34102 என்றால் மங்கலான பச்சை என்று அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அச்சகக்காரனுக்கு இதைவிட நிம்மதி ஏது?

நம் மிக்-21 அப்படிச் சுலபத்தில் பிடிகொடுக்காது. 1960-களில் அது வெற்று உலோகப் பளபளப்போடு பறந்தது. 1971 போரில் மறைப்பு வண்ணம் ஏறியது, அதுவும் ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன் வேறு வேறு கோலத்தில். எங்கள் பக்கத்தில் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. “பச்சைன்னா எந்தப் பச்சைங்கய்யா?” என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். “தம்பி, அன்னிக்கு டின்னுல என்ன இருந்துச்சோ அதான் பச்சை” என்றார். அதற்கு எந்தப் பட்டியலில் எண் தேடுவது?

வண்ணப் புகைப்படம் இருந்தால் போதுமே என்பார்கள். போதாது. பழைய வண்ணப் பிரின்ட்களில் முதலில் வெளுப்பது பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம்தான். ஆல்பத்தில் மூடியே வைத்திருந்தாலும் படம் மெல்லச் சிவந்துபோகும், இலைப்பச்சை பழுப்பாகும். அதையே ஒரு பத்திரிகை நான்கு மையில், மஞ்சள் ஏறிய தாளில் அச்சடித்திருக்கும். அந்தப் பக்கத்தை ஒருவர் செல்போனில் படமெடுப்பார், செல்போன் தன் பங்குக்கு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இத்தனை கை மாறி வந்ததைப் பார்த்துவிட்டு, இது பச்சையல்ல, பழுப்புதான் என்று சண்டை போடும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது, வாலில் என்ன எண், இறக்கையில் என்ன தொங்கியது, இவற்றுக்குப் படத்தை நம்பலாம். நிறத்துக்கு, நிறம் தெரிந்த ஒன்றை அதே படத்தில் தேட வேண்டும். நமது விமானங்களில் அது வட்டச்சின்னம்: வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. அந்தக் காவி படத்தில் எவ்வளவு திரிந்திருக்கிறது என்று பார்த்து மற்றதை ஊகிக்கலாம். பிரஸ்ஸில் தாளின் ஓரத்து நிறப்பட்டையைப் பார்க்கும் அதே பழக்கம்.

அந்த வட்டத்துக்குள்ளும் ஒரு வலை இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 வரை நம் விமானங்களில் இருந்தது மூவர்ண வட்டம் அல்ல, வெள்ளையில் நீல அசோகச் சக்கரம். நம் விமானப்படைக்கு வாம்பயர் ஜெட் வந்தது 1948-இல். ஆக, முதலில் வந்த வாம்பயரைச் செய்து மூவர்ண வட்டம் ஒட்டினால் அது தப்பு. இரண்டாம் உலகப் போரிலோ, ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துச் சொந்த ஆளே சுட்டுவிடுவானோ என்று நம் பக்கத்து விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஆக, பெயின்ட் அலங்காரம் அல்ல, தேதி.

புகைப்படம் பாதிதான் சொல்லும், கிடைக்கிற காகிதங்களும் கொஞ்சம். மிச்சம் இருக்கும் சாட்சி விமானத்தின் உடம்பு. சக்கரம் மடங்கும் குழியில், மூடித் தகடுகளின் உள்பக்கத்தில், மறு பெயின்ட் அடித்தவரின் கை எட்டாத இடங்களில் பழைய அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புத்தாளால் ஒரு மூலையைப் பக்குவமாகத் தேய்த்தால் சாம்பலுக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே உலோகம் என்று வரிசையாக வெளிவரும். பீடத்தில் ஏற்றும்போது நாம் செய்வது என்ன? மொத்தமாகச் சுரண்டிவிட்டுக் கடையில் கிடைக்கும் எனாமலை அடிப்பது. கோயில் ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தவர்களும் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் அடித்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் ‘ஃப்ளாக் பெய்ட்’ என்ற குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. ஜெட் அல்ல, 200-க்கும் மேற்பட்ட முறை போருக்குப் போய்த் திரும்பிய பி-26. அதைப் புதுசாக்க வேண்டாம், உரிந்த பெயின்ட் உரிந்தபடியே இருக்கட்டும் என்று முடிவெடுத்துப் பாதுகாக்கிறார்கள். அது கூரைக்கடியில் நிற்கிறது, நம்முடையவை வெயிலிலும் மழையிலும். பெயின்ட் இல்லாமல் விட்டால் அரித்துப்போகும் என்பது சரியான வாதம். அடிக்கட்டும். அடிப்பதற்கு முன் ஒரு நிற அட்டையைப் பக்கத்தில் பிடித்து, எல்லாப் பக்கமும் படமெடுக்கட்டும். இறக்கைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழையதை அப்படியே விட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் மட்டும் பூசட்டும். இதற்குச் செலவு ஒரு நாள் கூலி.

எண்ணையாவது மாற்றாமல் விட வேண்டும். வாலில் உள்ள எண்தான் விமானத்தின் ஜாதகம். அபிநந்தன் 2019 பிப்ரவரி 27-இல் ஓட்டிய மிக்-21 பைசனின் எண் சி.யூ. 2328 என்று இன்றைக்குப் பள்ளிப் பையன்கள்கூடச் சொல்வார்கள். ரஃபேலின் ஆர்.பி., பி.எஸ். என்ற எழுத்துகள் இரண்டு விமானப்படைத் தலைவர்களின், பதௌரியா, தனோவா இருவரின் பெயரிலிருந்து வந்தவை. 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவின் கவர்னர் மாளிகை மீது 57 மி.மீ. ராக்கெட்டுகளை வீசிய 28-ஆம் ஸ்குவாட்ரன் மிக்-21-களுக்கும் எண் உண்டு. அந்தப் போரின் நினைவாக ஒரு மிக்-21-ஐ நிறுத்திவிட்டு, அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் பைசனுக்கு வந்த சாம்பல் நிறத்தை அடித்தால், பார்க்கிற பிள்ளை எந்தப் போரைப் பார்க்கிறது?

பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லவும் இடமில்லை. 25 ஆண்டுகள் தாண்டிய ராணுவ ஆவணங்களைப் பரிசீலித்துத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021 ஜூனில் கொள்கை அறிவித்தது. போர் நாட்குறிப்புகளைப் பத்திரமாக அனுப்பிவைப்பார்கள், சந்தேகமில்லை. எந்த விமானத்துக்கு எந்த டின்னைத் திற என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போன ஒற்றைத்தாள் உத்தரவை யார் எடுத்துவைப்பார்? பரிசீலனைக் குழுவில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை உட்கார வைத்தால் அவருக்குத் தெரியும். வீட்டில் விமானப்படை ஆல்பம் வைத்திருப்பவர்கள், தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கும் வாலைக் குப்பையில் போட வேண்டாம்.

பீடத்துக்கு அடியில் நான்கு வரி போதும்: விமானத்தின் எண், ஸ்குவாட்ரன், இந்த வண்ணத்தில் பறந்த ஆண்டுகள், இப்போதைய பெயின்ட் அடித்த ஆண்டு. திறந்துவைத்தவர்கள் பெயருக்காகச் சலவைக்கல்லில் ஒதுக்கும் இடத்தில் கால்வாசிகூட ஆகாது.