நீளம் குறைந்தால் குறி தவறுமா?

எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பாலிருந்து மறைந்திருந்து சுடுவோரின் தோட்டாக்களுக்கு 2018-ம் ஆண்டில் நமது வீரர்கள் சிலர் பலியாயினர். அப்போது நமது குறிபார்த்துச் சுடும் வீரர்களின் கையில் பெரும்பாலும் இருந்தது, 1963-ல் சோவியத் படையில் சேர்க்கப்பட்ட டிராகுனோவ் துப்பாக்கி. சுமார் 800 மீட்டருக்கு மேல் அதை நம்பிச் சுட இயலாது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ராணுவத்தின் வடக்குப் பிராந்தியம் இரண்டு வகைத் துப்பாக்கிகளைச் சிறிய எண்ணிக்கையில் வாங்கியது. ஒன்று இத்தாலியின் பெரெட்டா நிறுவனத்தின் ஸ்கார்பியோ; மற்றொன்று அமெரிக்காவின் பாரெட் எம் 95.

இரண்டும் "போல்ட் ஆக்ஷன்" வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவைப் பொருத்த வேண்டும். ஆனால் உருவத்தில் இரண்டும் வேறு. ஸ்கார்பியோ வழக்கமான அமைப்பு கொண்டது. எம் 95-ல் தோட்டா வெடிக்கும் அறையும் மேகசினும் சுடும் விசைக்குப் பின்னால், வீரரின் தாடையை ஒட்டி உள்ளன. இதை "புல்பப்" அமைப்பு என்கின்றனர். குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் ஏந்திவரும் குட்டையான இஸ்ரேலிய டேவர் துப்பாக்கியும் இதே அமைப்புதான். அது தானியங்கித் துப்பாக்கி என்பதே வேறுபாடு.

இந்த அமைப்பின் ஆதாயம் எளிதில் விளங்கக் கூடியது. தோட்டாவுக்கு வேகம் தருவது குழலின் நீளமே தவிர, தோளில் பதியும் பின்கட்டையின் நீளம் அல்ல. பின்கட்டையில் வீணாகும் இடத்திலேயே இயக்கப் பகுதியை வைத்துவிட்டால் குழலை வெட்டாமலே துப்பாக்கியைக் குறுக்கிவிடலாம். பாரெட் நிறுவனத்தின் புகழ்பெற்ற எம் 82 துப்பாக்கியும் எம் 95-ம் ஒரே 29 அங்குலக் குழலைக் கொண்டவை. முன்னதன் மொத்த நீளம் சுமார் 145 சென்டிமீட்டர். பின்னது 114 சென்டிமீட்டர். ஓர் அடி குறைவு. ஹெலிகாப்டரிலும் கவச வாகனத்திலும் குறுகிய மாடிப்படியிலும் இந்த ஓர் அடியின் அருமை தெரியும்.

எனினும், இந்த ஓர் அடிக்குக் கொடுக்கும் விலை என்ன என்ற கேள்விக்கு நமது கொள்முதல் விவாதங்களில் உரிய இடம் கிடைப்பதில்லை.

முதல் விலை, சுடும் விசை. வழக்கமான துப்பாக்கியில் விசைக்கு நேர் மேலேயே இயக்கப் பகுதி இருக்கும். புல்பப்பில் விசை முன்னாலும் இயக்கப் பகுதி பின்னாலும் இருப்பதால் இரண்டையும் ஒரு நீண்ட கம்பி இணைக்கிறது. அந்தக் கம்பியின் உராய்வும் நெகிழ்வும் விரலுக்குத் தெரியும். எந்த நொடியில் வெடிக்கும் என்பது துல்லியமாகத் தெரியாது. சாதாரணக் காலாட்படை வீரருக்கு இது பெரிய குறையல்ல. ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஆயிரம் மீட்டருக்கு அப்பால் தோட்டா ஒரு மீட்டர் விலகிப் பாயும். குறிபார்த்துச் சுடுபவருக்கு எல்லாமே அந்த விரல் நுனியில்தான் உள்ளது.

இரண்டாவது, போல்ட் கைப்பிடி. அது கன்னத்துக்கு அருகில் இருப்பதால், அடுத்த தோட்டாவைப் பொருத்தப் பிடியிலிருந்து கையை எடுத்து முகம் வரை பின்னே கொண்டுவர வேண்டும். பலருக்குத் தலையையும் உயர்த்த வேண்டியிருக்கும். தொலைநோக்கியிலிருந்து கண் விலகினால், முதல் தோட்டா எங்கே விழுந்தது என்பதைப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பு பறிபோகிறது. குப்புறப் படுத்த நிலையில் மேகசினை மாற்றுவதும் சிரமம். வெடிப்பு காதருகே நிகழ்வது தனித் தொல்லை.

ஒரு குறை மட்டும் இங்கு மட்டுப்படுகிறது. தானியங்கிப் புல்பப்பில் சூடான வெற்று உறை இடக்கை வீரரின் முகத்தில் தெறிக்கும். போல்ட் ஆக்ஷனில் வீரராகத் திறந்தால்தான் உறை வெளியேறும்.

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. 1901-ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற தார்னிகிராஃப்ட் துப்பாக்கி இதே புல்பப் போல்ட் ஆக்ஷன் வகைதான். அன்றைய லீ என்ஃபீல்டைவிட நீளமும் எடையும் குறைவு. ஆயினும் பின்னுதைப்பு மிகுதி, கையாள்வது கடினம் என்று கூறி பிரிட்டிஷ் ராணுவம் அதை நிராகரித்தது. அதே பிரிட்டன் 1985-ல் தன் காலாட்படைக்குப் புல்பப்பையே தேர்ந்தெடுத்தது. ஆனால் குறிபார்த்துச் சுடுவோருக்கு வழக்கமான போல்ட் ஆக்ஷன் துப்பாக்கிகளையே கொடுத்துவந்தது. ஃபாமாஸ் என்ற புல்பப்பை வைத்திருந்த காலத்தில் பிரான்சும், ஏயுஜி புல்பப்பை ஏற்ற ஆஸ்திரியாவும் செய்தது இதுவே. புல்பப்பின் அருமையை நன்கறிந்த மூன்று ராணுவங்கள், துல்லியம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அதை ஒதுக்கி வைத்தன. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

புல்பப்புக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி 9 பயங்கரவாத எதிர்ப்புப் படை டிஎஸ்ஆர் 1 என்ற புல்பப் போல்ட் ஆக்ஷன் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறது. ஓர் அறையின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எதிர்க் கட்டடத்தைக் குறிவைப்பவருக்குத் தொலைவு சில நூறு மீட்டர்தான், இடநெருக்கடியே பெரிது. மும்பையில் 2008 நவம்பரில் நரிமன் இல்லத்தைச் சுற்றி நடந்தது போன்ற மோதல்களை எதிர்கொள்ள வேண்டிய தேசியப் பாதுகாப்புப் படை இத்தகைய துப்பாக்கியைச் சோதித்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

பெருந்துப்பாக்கிகளின் கதையும் வேறு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான வித்வன்சக், வழக்கமான அமைப்பில் சுமார் 1.7 மீட்டர் நீளமும் 25 கிலோ எடையும் கொண்டது. பிரித்து இருவர் சுமக்க வேண்டும். எம் 95-ஐ ஒருவரே தூக்கிச் செல்லலாம். வாகனத்தையோ ரேடார் கருவியையோ தாக்கும் இத்தகைய துப்பாக்கிக்கு விரல்நுனி நுட்பத்தைவிடச் சுமக்கும் வசதியே முக்கியம்.

எல்லைக் காவல் சாவடியில் மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பவரின் நிலை அதுவல்ல. ஓர் அடி குறைவதால் அவருக்குக் கிடைப்பது சொற்பம்; விசையிலும் போல்ட்டிலும் அவர் இழப்பது அதிகம். 2022-ல் காஷ்மீர் எல்லைக்கு வந்த ஃபின்லாந்தின் சாகோ டிஆர்ஜி 42 வழக்கமான அமைப்பு உடையது. சுமார் 1,500 மீட்டர் வரை எட்டும் அந்தத் தேர்வு சரியானதே.

கவலை எண்ணிக்கை பற்றியது. 5,719 துப்பாக்கிகளும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் வாங்க வெளியிடப்பட்ட டெண்டர் 2019-ல் கைவிடப்பட்டது. அதன் பிறகு நிகழ்ந்தவை பெரும்பாலும் அவசரத்துக்கு வாங்கிய சிறு கொள்முதல்களே. அடுத்த பெரிய டெண்டருக்கான தகுதி விதிகளை தில்லியில் எழுதும் அதிகாரிகள், அதிகபட்ச நீளத்துக்கு வரம்பு விதிக்கும் முன் ஒரு வேலை செய்யலாம். பூஞ்ச், குப்வாரா சாவடிகளில் பணியாற்றிய வீரர்களிடம் இரு வகைத் துப்பாக்கிகளையும் கொடுத்து, ஆயிரம் மீட்டர் இலக்கில் ஐந்து தோட்டாக்களைத் தொடர்ந்து சுடச் சொல்லட்டும். கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அருகில் நின்று குறித்துக்கொள்ளட்டும்.