தோண்டிப் பார்க்காதீர்கள்!



முதல் பருவத் தேர்வு முடிவு வந்த நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எனக்கு இரண்டு அரியர். கணக்கும் இயற்பியலும். என் விடுதி அறை நண்பனுக்கு ஐந்து. அன்று சாயங்காலமே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது: 'அரியர் மன்னன்'.

பெயர் வைத்தது நான் இல்லை. ஆனால் சிரித்தவர்களில் நானும் ஒருவன். உண்மையைச் சொன்னால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அவனுடைய ஐந்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கும்வரை என்னுடைய இரண்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் அல்லவா? ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, 'எங்க வீட்டுல படிக்க வந்த முதல் ஆளு நான், நானே இப்படியா?' என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்திருப்பேன். பக்கத்துப் பாயில் அவனும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் பருவம் பாதியில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாயி பனங்கிழங்குப் பாத்தியை வெட்டிக்கொண்டிருந்தது. ஆவணி, புரட்டாசியில் பொறுக்கி வந்த கொட்டைகளை மண்ணைக் குவித்துப் புதைத்தால் தை மாதம் கிழங்கு. பனைமுளை முதலில் மேலே வராது. பூமிக்குள் கீழே இறங்கும். அங்கே கிழங்கு திரண்ட பிறகுதான் இலை வெளியே தலைகாட்டும். அதுவரை மேலே நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் மண்மேடு!

சின்ன வயதில் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தினமும் கிளறிப் பார்ப்பேன். அப்பாயி சத்தம் போடும்: "ஏண்டா, தோண்டித் தோண்டிப் பாத்தா முளை ஒடிஞ்சு போயிடும்டா. மண்ணப் போட்டு மூடிட்டு தண்ணிய ஊத்து!"

அந்தப் பாத்திக்கு முன்னால் நின்றபோது என் அறை நண்பனின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. நாங்கள் அவனைத் தோண்டித் தோண்டிப் பார்த்தோம். நான் என்னையும் அப்படித்தான் தோண்டிக்கொண்டிருந்தேன்.

செடி முருங்கை ஆறேழு மாதத்தில் காய்க்கிறது. பனை பாளை விட பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். அதற்காக முருங்கை கெட்டிக்காரன், பனை மக்கு என்று நாம் சொல்வதுண்டா? ஆண் பனை நுங்கு தராது. அதன் பாளையைச் சீவினால் பதநீர் தரும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்தைப் பார்த்து 'உருப்படாத மரம்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல் அழுதார்கள். காற்றைப் பற்றிப் பேசினார்கள், வேரைப் பற்றிப் பேசினார்கள். மரம் விழுந்தால் காரணம் கேட்கிறோம். கூடப் படிப்பவன் விழுந்தால் பட்டப்பெயர் வைக்கிறோம். இது என்ன நியாயம் தோழர்களே?

'அப்படியானால் தேர்வே வேண்டாமா, படிக்காமல் இருக்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் பனைமுளை சும்மா இருப்பதில்லை, இறங்கிக்கொண்டே இருக்கிறது. தேர்வும் வேண்டியதுதான். ஆனால் நம் ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிப்பரை வைத்து ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கலாம். அந்தக் கம்பி எதற்கெல்லாம் உதவும் என்பதை அளக்க முடியுமா? அன்றைய மதிப்பெண் அன்றைய விடைத்தாளுக்கு. அது ஆளுக்குப் போட்ட மதிப்பெண் அல்ல.

பொங்கல் முடிந்த மறுநாள் அவனுக்கு போன் போட்டேன். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஏன் ஐந்து பாடம் போனது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு வருடம் கழித்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான்: "கிளாஸ்ல இங்கிலீஷ்ல சொல்றது ஒண்ணும் புரியலடா. கேட்டா நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னு கேக்கல."

திரும்ப வந்து சேரச் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்றிருக்கிறான். வருவானா, தெரியாது. இதற்கிடையில் என் கணக்கு அரியரை முடித்துவிட்டேன். இயற்பியல் பாக்கி இருக்கிறது. ஆனால் இப்போது ராத்திரியில் என்னைத் திட்டிக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் நாலு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் ஒரு 'மன்னன்' இருப்பான். பட்டப்பெயரை விடுங்கள். இன்று சாயங்காலமே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எது புரியலடா?" என்று கேளுங்கள்.

தண்ணீர் ஊற்றுவோம்; தோண்டிப் பார்க்க வேண்டாம்!