செஞ்சி மலையும் செட்டிக்குளமும்

மலையேறிப் போய் ஏரி பார்ப்பது இப்போது ஒரு பெரிய ஆசையாகிவிட்டது. காஷ்மீரின் கங்காபல், இமாசலத்தின் சந்திரதால் என்று யார் செல்போனைத் திறந்தாலும் நீல நிறத் தண்ணீர்தான். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஜனங்களுக்கு அவ்வளவு லீவும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. ஆனால் திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. மலையும் உண்டு, குளமும் உண்டு. பனி மட்டும்தான் இல்லை!

செஞ்சி டவுனைத் தாண்டியதும் 'கோட்டை ஸ்டாப்பிங்' என்று கேட்டு இறங்கிக்கொள்ள வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து ஒரு மதில். பாறையை யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல் குண்டு குண்டாக அடுக்கியிருக்கும் மலைகள் இவை. நிழலுக்கு மரம் தேடினால் கீழே இருக்கிற வரைக்கும்தான்.

ராஜகிரிதான் உயரம், சுமார் 800 அடி. 'இவ்வளவுதானா?' என்று கிளம்புகிற காலேஜ் பையன்கள்தான் பாதி வழியில் முதலில் உட்காருகிறார்கள். படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. எதிரி ஓடி வரக்கூடாது என்று கட்டிய பாதை, நம் முழங்காலுக்கு மட்டும் சலுகை தருமா? வயதானவர்கள் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் கீழேயே இருக்கின்றன.

மேலே போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. மலை அங்கே இரண்டாகப் பிளந்திருக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன் மேல் ஒரு மரப்பாலம் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக வேறு வழியே இல்லை. நாலு பேர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம்.

1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து ஒளிந்ததும் இங்கேதான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கீழே கூடாரம் போட்டு உட்கார்ந்தார். கோட்டை விழுந்தது 1698-ல். ஏறக்குறைய எட்டு வருஷ முற்றுகை! அத்தனை நாள் தாக்குப்பிடிக்க வாளும் பீரங்கியும் மட்டும் போதாது, குடிக்கத் தண்ணீர் வேண்டும். மலையில் சுனை, அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். குளத்துத் தண்ணீரைச் சுடுமண் குழாய் வழியாகக் கல்யாண மகாலுக்கே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இன்று ஏறுகிறவர்களின் கதை தலைகீழ். ஒரு குடும்பத்துக்கே ஒரு அரை லிட்டர் பாட்டில். அதையும் குரங்கு பிடுங்கிக்கொண்டால் கதை முடிந்தது. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கே பாறை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். கூட வரும் பிள்ளை பேச்சைக் குறைத்து, முகம் சிவந்து, தலை சுற்றுகிறது என்றால், 'இன்னும் கொஞ்சம்தான் கண்ணு' என்று இழுத்துப் போகக் கூடாது. நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இறங்கிவிட வேண்டும். உச்சியில் இருக்கும் ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி, கையில் தொங்காத மூடிய பை. ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி, தை வந்தால் ஏறுவதற்கு அருமையான காலம். கதவு திறந்ததும் ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பொழுது சாய வந்தால் ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள்.

இறங்கிய பிறகு செட்டிக்குளம். தேசிங்கு ராஜாவின் கதையைத் தெருக்கூத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் லேசானதல்ல. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, மிகச் சிறிய படையோடு மோதி 1714-ல் மடிந்தவர் தேசிங்கு. வயது இருபத்திரண்டு என்பார்கள். அவருடைய உடலை எரித்ததும், ராணி உடன்கட்டை ஏறியதும் இந்தக் குளக்கரையில்தான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன பெண். கூத்தில் அந்தக் கட்டம் வந்தால் பாட்டிமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான்.

குளத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் குதிக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். பழைய கோட்டைக் குளங்களின் ஆழம் மேலிருந்து தெரியாது, பாசிப் படி காலை வாரிவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. கூட்டம் இனி கூடத்தான் செய்யும். காலி பாட்டில்களும் கூடும் என்பதுதான் கவலை. எட்டு வருஷம் ஒரு படையைக் காப்பாற்றிய சுனையோரத்தில் சிப்ஸ் கவர் கிடப்பதைப் பார்க்க என்னவோபோல் இருக்கிறது.

நேரம் மிச்சமிருந்தால் அடிவாரத்து வேங்கடரமணர் கோயிலையும் பார்த்துவிடலாம். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. அடுத்த முறை பீச்சில் செல்ஃபி எடுக்கும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இப்போதைக்கு ரோட்டுக்கு வந்து, சீசனாக இருந்தால் ஆளுக்கு நாலு நுங்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திண்டிவனம் பஸ்ஸுக்குக் கை காட்டலாம்.